மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கு வை!

நல்லவாட்டுப் பெரியவர்களே, தாய்மார்களே, வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்து நிற்கும் இளைஞர்களே, தவளக்குப்பம், பாகூர், வில்லியனூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே!

இந்த ஊரில் ஒலிபெருக்கி கட்டினால் 2004 டிசம்பர் 26 சுனாமி யாருக்கும் நினைவுக்கு வராமல் போகாது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்த ஊர்ப் பையன் ஒருவர் அன்று காலை தொலைக்காட்சியில் செய்தி பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வைத்திருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் 'ஓடுங்கள், ஓடுங்கள்' என்று அறிவித்தார்கள். 150 வீடு போனது, 200 படகு போனது. ஏறக்குறைய 3,600 பேர் இருந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இந்தக் கதையை உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

சிங்கப்பூரிலிருந்து நல்லவாட்டுக்கு ஒரு செய்தி வரச் சில நிமிஷம் போதுமாக இருந்தது. இதே ஊரில் 60 வயது முடிந்த ஓர் அம்மாவின் முதியோர் பென்ஷன் மனு, இங்கிருந்து புதுச்சேரிக்குப் போய் ஆணையாகித் திரும்பி வர எத்தனை மாதம் ஆகிறது? கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே விரல் விட்டுச் சொல்லுங்கள். ஒரு கை விரல் போதாது, இரண்டு கையும் வேண்டும் என்று சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயமா இது?

ஒரு மீன்காரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பேர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கூடை சுமந்து விற்றவள், இப்போது முட்டி ஓய்ந்துவிட்டது, கூடையை இறக்கிவிட்டாள். பென்ஷனுக்கு மனு எழுத வேண்டும். சிவப்பு ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், பாஸ்புக் நகல், போட்டோ, வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று. ஜெராக்ஸ் கடையில் காசு, மனு எழுதித் தருபவருக்குக் காசு, ஆட்டோவுக்குக் காசு. ஆதாரில் அஞ்சலாட்சி, ரேஷன் அட்டையில் அஞ்சலை, பாஸ்புக்கில் அஞ்சலம்மாள் என்று இருந்துவிட்டால் போச்சு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதி இன்னொரு கூத்து. ஆதாரை நம்பினால் ஊரில் பாதிப் பேர் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள்! சரி, இதையெல்லாம் தாண்டி ரேகை வைக்கும் இடத்துக்கு வந்தாயிற்று. ஆயுசு முழுக்க ஐஸிலும் செதிலிலும் அளைந்த விரல் அது. ரேகை தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. கருவி சிவப்பு விளக்குக் காட்டுகிறது. துடைத்துவிட்டு வை, எண்ணெய் தடவி வை, இந்த விரல் வேண்டாம் அந்த விரலை வை, நாளைக்கு வா.

உழைத்ததற்கு அடையாளம் அந்த விரலில் இருக்கிறது. அந்த விரலைத்தான் ஏற்க மாட்டேன் என்கிறது கருவி.

அப்புறம் மனு மேலே போகிறது. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக்குப் போகிறது, மீனவர் என்றால் மீன்வளத் துறைக்குப் போகிறது. அதற்கப்புறம் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. 'லிஸ்ட் வரும்', 'எம்.எல்.ஏ. ஆபீஸில் கேளு', 'கோப்பு மேலே இருக்கு'. அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

இதுவரை சொன்னது தாமதம். தாமதத்தைப் பற்றிப் பேசாத மேடை புதுச்சேரியில் இல்லை. ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைச் சொல்லும், எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைச் சொல்லும். இந்த மேடை கேட்பது வேறு. மனு கொடுத்த நாளுக்கும் முதல் பணம் கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் ஓடிப்போன மாதங்களின் பணம் எங்கே போனது?

நடைமுறை என்ன? ஆணையில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதிலிருந்துதான் பணம். மனுவில் இருக்கும் தேதிக்கு மதிப்பு இல்லை. கணக்குக்காக மாதம் 2,500 ரூபாய் என்று வையுங்கள். ஆணை வர எட்டு மாதம் ஆனால் 20,000 ரூபாய் போச்சு. பத்து மாதம் என்றால் 25,000. அந்த அம்மாவுக்குத் தகுதி முதல் நாளே இருந்தது. வயசு முதல் நாளே 60. வறுமையும் முதல் நாளே இருந்தது. கோப்பு நகரவில்லை என்பது மட்டும்தான் நடந்தது. கோப்பு நகராத ஒவ்வொரு மாதமும் கருவூலத்துக்கு லாபம், கிழவிக்கு நஷ்டம். தாமதம் செய்பவருக்கே தாமதத்தால் லாபம் என்றால் தாமதம் எப்படி ஐயா குறையும்?

அரசு ஊழியரின் பென்ஷனைப் பாருங்கள். அவர்மேல் நமக்குப் பொறாமை இல்லை; அவர் வாங்குவது அவர் உரிமை. ஓய்வு பெறும் தேதிக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே அவருடைய பென்ஷன் காகித வேலையைத் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. காகிதம் தாமதமானால் தற்காலிக பென்ஷன் கொடு என்று விதி இருக்கிறது. பணிக்கொடை தாமதமானால் வட்டி கொடு என்று விதி இருக்கிறது. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது எசமான் மனமிரங்கித் தரும் கொடை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். கேரளத்தில் பத்மநாபன் நாயர் என்ற ஊழியர் 1973-ல் ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளச் சான்று ஒன்று வந்து சேரவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் பணத்தை நிறுத்திவைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தாமதத்துக்கு அரசு சந்தை வட்டி கட்ட வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அந்த ஒரு சான்று வராததற்கு அரசு வட்டி கட்டியது. இங்கே அஞ்சலைக்கும் அஞ்சலாட்சிக்கும் இடையே இரண்டொரு எழுத்து இடித்ததற்குக் கிழவி அசலையே இழக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு நியாயம், இந்தப் பக்கம் நின்றவருக்கு ஒரு நியாயமா?

'அது சம்பளத்தோடு சேர்ந்த உரிமை, இது அரசு தரும் உதவி' என்று சிலர் சட்டம் பேசுவார்கள். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் என்ன எழுதிவைத்தது? வேலை செய்து 15 நாளுக்குள் கூலி கொடுக்காவிட்டால், 16-ஆம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு கொடு என்று எழுதிவைத்தது. அந்த இழப்பீட்டையும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பது வேறு வழக்கு. அதற்காக ஸ்வராஜ் அபியான் அமைப்பு உச்ச நீதிமன்றம் போய், 2018-ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் ஏழைக்குத் தரும் பணம் தாமதமானால் அதற்கும் ஒரு விலை உண்டு என்று இந்த நாட்டு நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதியோர் பென்ஷனுக்கு மட்டும் ஏன் அந்த விலை கிடையாது?

சீமையிலும் இந்தப் பிரச்சினை உண்டு. இங்கிலாந்தில் 'யுனிவர்சல் கிரெடிட்' என்று ஒரு திட்டம். புதிதாக மனு செய்தவருக்கு முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகிறது. முன்பு ஆறு வாரமாக இருந்தது, கூச்சல் போட்டபிறகு 2018-ல் ஒரு வாரம் குறைத்தார்கள். அந்த ஐந்து வாரத்தில் வீட்டு வாடகை பாக்கி விழுகிறது, இலவச உணவு தரும் இடங்களின் வாசலில் வரிசை நீள்கிறது என்று அங்குள்ள தொண்டு அமைப்புகள் இன்னும் சண்டை போடுகின்றன. நியாயமான சண்டை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் ஐந்து வாரம் கழித்து வந்தாலும், கணக்கு மனு கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. கை கடித்தால் முன்பணம் வாங்கலாம். அதைக் கடனாகப் பிறகு பிடித்துக்கொள்வார்கள், அது ஒரு கொடுமைதான். ஆனாலும் மனுத் தேதியைக் குப்பையில் போடுவதில்லை. அங்கே ஐந்து வாரத்துக்கே நாடாளுமன்றத்தில் ரகளை. நாம் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, ஆணை தந்தவருக்குச் சால்வை போர்த்துகிறோம்!

சால்வை என்றதும் விழாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'முதியோர் உதவித்தொகை ஆணை வழங்கும் விழா' என்று பேப்பரில் போட்டோ வரும். எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் வரும். பிளாஸ்டிக் நாற்காலியில் கிழவிகள் வரிசையாக, வெயிலில், தலைவர் வரும்வரை. அந்த ஆணை கையெழுத்தான தேதியையும் விழா நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அதுவும் அந்த அம்மாவின் நாள்தான்.

சரி, கோப்பு ஏன் நகரவில்லை? அதிகாரியை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம், ஆனால் முழு உண்மை ஆகாது.

மத்திய அரசிலிருந்து ஆரம்பிப்போம். 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது முதியவருக்கு மாதம் 75 ரூபாய். 2006-ல் அது 200 ஆனது. 60 முதல் 79 வயது வரை டெல்லியின் பங்கு இன்றைக்கும் அதே 200 தான்! இந்தக் காலத்தில் 200 ரூபாய்க்கு மார்க்கெட்டில் வஞ்சிரம் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள், அதுவும் தெரிந்தவராக இருந்தால். 2017 டிசம்பரில் ழான் திரேஸ் உள்ளிட்ட 60 பொருளாதார அறிஞர்கள் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லிக்குக் கடிதம் எழுதி, அதை 500 ஆகவாவது ஆக்குங்கள் என்று கேட்டார்கள். நடக்கவில்லை. அதோடு எத்தனை பேருக்கு என்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மாநிலத்துக்கு இத்தனை பேர் என்ற அந்த வரம்பு 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. 2001-ல் நாற்பது வயதில் மடி இழுத்துக்கொண்டிருந்தவர் இன்றைக்குக் கிழவர். கணக்குக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

டெல்லி தராத மிச்சத்தைப் புதுச்சேரிதான் போட வேண்டியிருக்கிறது. அது நல்ல காரியம்; டெல்லி தருவதைப் போலப் பல மடங்கு புதுச்சேரி தருகிறது, 2021-ல் ரங்கசாமி அரசு 500 ரூபாய் கூட்டவும் செய்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் ஏற்கெனவே வாங்குபவருக்குக் கூட்டிக் கொடுத்தால் கைத்தட்டல் வரும். காத்திருப்பவரைச் சேர்த்தால் செலவு வரும். அதனால் புதியவர்கள் மொத்தமாக, எப்போதாவது, தொகுதிக்கு இத்தனை பேர் என்று வருகிறார்கள். நடுவில் ஒருவர் செத்தால் ஒருவருக்கு இடம். பக்கத்து வீட்டுக் கிழவர் எப்போது போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமைக்கு ஒரு மனுஷியைத் தள்ளுவதற்குச் சமூகப் பாதுகாப்பு என்று பேர்!

இதில் யூனியன் பிரதேசத்துக்கே உரிய வியாதி ஒன்று. மார்ச்சில் போட வேண்டிய முழு பட்ஜெட் 2020-ல் ஜூலைக்குப் போனது, 2021-லும் 2022-லும் ஆகஸ்டுக்குப் போனது. டெல்லி ஒப்புதல் தர வேண்டும், அதுவரை இடைக்காலச் செலவு மட்டும். இடைக்காலச் செலவில் பழைய பெயர்களுக்குப் பணம் போகும், புதிய பெயர் எப்படி ஏறும்? இலவச அரிசிக் கதை இதைவிட நன்றாகத் தெரிந்தது. அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசு அரிசிதான் தருவேன் என்றது, அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமாகத்தான் தர வேண்டும் என்றார். கோப்பு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாசுக்கும் செயலகத்துக்கும் நடுவில் பந்தாடப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் பணம் என்று முடித்துவைத்தது. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் மூடிக்கிடந்து 2024-ல்தான் மறுபடி திறந்தன. யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடலாம். சண்டை முடியும்வரை உலை வைக்காமல் இருந்தவர் யார் என்பதில் சண்டை இல்லை.

இதே புதுச்சேரியில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 ஆகஸ்ட் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தொடங்கியது 2023 ஜனவரியில். தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023 ஜூலையில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, செப்டம்பர் 15-க்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் பணம் போட்டார்கள். அங்கே தள்ளுபடி ஆனவர்களின் குமுறல் தனிக் கதை. ஆனால் மனசு வைத்தால் அரசு எந்திரத்துக்கு இரண்டு மாதம் போதும் என்பது தெரிந்துவிட்டது இல்லையா? ஒரு கோடிப் பேருக்கு முடிந்தது, புதுச்சேரி போன்ற கையளவு ஊருக்கு முடியாதா?

'அவசரப்பட்டால் போலிகள் புகுந்துவிடுவார்கள், சரிபார்க்க நேரம் வேண்டும்' என்பார்கள். சரிபாருங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் போலியின் கணக்கையும் பார்ப்போம். மத்தியத் தணிக்கைத் துறை இந்தச் சமூக உதவித் திட்டத்தைச் சோதித்து 2023-ல் அறிக்கை தந்தது. சோதித்த அளவில் செத்துப்போன 2,103 பேரின் கணக்குக்குப் போன பென்ஷன் ஏறத்தாழ 2 கோடி ரூபாய். தவறுதான். அதே அறிக்கையில், இந்தத் திட்டத்தின் பணத்தில் 2 கோடியே 83 லட்சத்தை எடுத்து மத்திய அமைச்சகம் வேறு திட்டங்களுக்கு விளம்பரப் பலகை வைக்கத் திருப்பிவிட்டது என்றும் இருக்கிறது. செத்தவர் பேரில் போனதைவிடப் பலகையில் போனது அதிகம்! இவர்கள் கிழவியின் விரல் ரேகையைச் சந்தேகப்படுகிறார்கள்.

உண்மையில் மனு எழுதவே தேவையில்லை. ஒருவருக்கு 60 வயது ஆவது அரசாங்கத்துக்குத் தெரியாத ரகசியமா? பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே பிறப்பு இறப்பைப் பதிவேட்டில் எழுதிவைத்த ஊர் புதுவை. சிவப்பு அட்டைப் பட்டியல் அரசிடம், ஆதார் அரசிடம், வாக்காளர் பட்டியல் அரசிடம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது தாண்டியவர் ஓட்டுப் போட வீடு தேடி ஆள் வந்தது. வீடியோ எடுக்க ஆள் வந்தது. ஓட்டு வாங்க வீடு தெரிந்தவர்களுக்குப் பென்ஷன் கொடுக்க மட்டும் முகவரிச் சான்று வேண்டுமாம்.

ராஜஸ்தானில் 2019 செப்டம்பரிலிருந்து 'ஜன் சூச்னா' என்ற தளம் இருக்கிறது. ஊர் பேரைப் போட்டால் அந்த ஊரில் யாருக்குப் பென்ஷன், யாருடையது நிறுத்தம் என்று யாரும் பார்க்கலாம். நமக்கு ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. 1998-லேயே வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுவட்ட ஊர்களில் தகவல் மையம் நடத்திய பூமி இது. அலை எத்தனை அடி எழும் என்று வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். அலை உயரம் சொல்ல முடிந்த ஊரில், எந்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அறிவித்தால் என்ன குறைந்துவிடும்? மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உறுதிச் சட்டம் போட்டு, கெடு தாண்டினால் அதிகாரியின் சம்பளத்திலிருந்து தண்டம் என்று எழுதியது. முதியோர், விதவையர், மாற்றுத் திறனாளிகள் உதவித்தொகையைப் பேர் சொல்லிச் சேர்த்து அப்படி ஒரு கெடுவும், கெடு தாண்டினால் தண்டமும் புதுச்சேரிச் சட்டமன்றம் சட்டமாக்கட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரே ஒரு அரசாணை போதும். தகுதி உள்ளவர் என்று முடிவானால், முதல் தவணையோடு மனு கொடுத்த மாதத்திலிருந்து நிலுவையும் சேர்த்துப் போடு. அவ்வளவுதான். இந்த ஆணை வந்த அன்றைக்கு எந்தக் கோப்பும் மேசையில் தூங்காது. தூங்கினால் கருவூலத்துக்குச் செலவு என்று மேலே இருப்பவரே தட்டி எழுப்புவார். 'காசு இல்லை' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காசு இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், வரிசை எண் கொடுங்கள், பாக்கியை எழுதிவையுங்கள். கிழவியிடம் சொல்லாமல் கழித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, இங்கே இருக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. ஊரில் பலர் மனு கொடுத்திருக்கிறோம், ஒப்புகைச் சீட்டு வாங்கியவர் எத்தனை பேர்? எம்.எல்.ஏ. ஆபீஸில் ஆளிடம் கொடுத்துவிட்டு, 'கொடுத்தாச்சு' என்று வருகிறோம். தேதி போட்ட சீட்டு இல்லையென்றால் நாளைக்கு நிலுவை கேட்கக் கையில் ஆதாரம் கிடையாது. இனிமேல் சீட்டு இல்லாமல் மனுவைக் கையை விட்டு விடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணமும் கிடையாது, சிவப்பு அட்டை நகல் வைத்தால் போதும். மூன்று கேள்வி போதும்: என் மனு எந்தத் தேதியில் வந்தது, இன்றைக்கு யாரிடம் இருக்கிறது, எந்த மாதத்திலிருந்து பணம் தருவீர்கள்? எழுதத் தெரிந்த பிள்ளைகள் இங்கே முன்வரிசையில் நிற்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்காரட்டும். தாய்மார்கள் அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையாக வாருங்கள். இன்றைக்கே எழுதி, நாளைக்குக் காலையில் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் போக, எல்லோருமாகச் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுப்போம்.